கை மட்டும் தெரிந்தது

தமிழில் மொழிபெயர்ப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மாஸ்கோவிலிருந்து வந்த கெட்டி அட்டைப் புத்தகங்களைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் என்று பெயர்கள் நமக்கு மனப்பாடம். அதே எழுபதுகளில் சிவகாசியிலிருந்து கிளம்பிய இன்னொரு மொழிபெயர்ப்புக் குவியல் இந்த வரலாற்றுக்குள் வருவதே இல்லை. கேட்டால், ‘அது சின்னப் பசங்க படிக்கிற பொம்மைப் புத்தகம்ப்பா’ என்பார்கள். அந்தப் பசங்களில் சிலர்தான் பிறகு சிறுபத்திரிகை படித்தார்கள், நடத்தவும் செய்தார்கள்.

1972 ஜனவரியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. மூலப்பிரதி, 1962 அக்டோபரில் லண்டனில் தொடங்கிய ‘வேலியண்ட்’ வார இதழில் வந்த தொடர். அதன் பெயர் ‘ஸ்டீல் க்ளா’. க்ளா என்பது மிருகத்தின் கூர்நகம், பிறாண்டிக் கிழிப்பது. தமிழில் எஃகு இரும்பாயிற்று, நகம் கையாயிற்று, மூலத்தலைப்பில் இல்லாத ‘மாயாவி’யும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டான். இதைச் சும்மா பெயர்மாற்றம் என்று தள்ளிவிட முடியாது. ஆங்கிலத் தொடக்கக் கதையில் லூயிஸ் கிராண்டெல் அதிகார வெறி தலைக்கேறிய குற்றவாளி. பின்னால்தான் உளவுப்பணிக்கு வந்து நல்லவனாகிறான். தமிழ்த் தலைப்போ, அட்டையிலேயே அவனை நம்மாளாக்கிவிட்டது. நகத்துக்குப் பயப்படலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஆய்வக விபத்தில் வலக்கையை இழந்தவனுக்கு உலோகக் கை. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். விஞ்ஞானத்தைப் பற்றிய மேற்கத்திய அச்சத்திலிருந்து பிறந்த கற்பனை இது. வீட்டுக்கு வீடு கரண்டு வந்திராத ஊர்களில் இதைப் படித்தவனுக்கு அந்த அச்சம் வேறு விதமாகத்தான் எட்டியிருக்கும். மை தடவி மறைகிற மந்திரவாதியை அவனுக்குப் பாட்டி சொல்லித் தெரியும். இப்போது மைக்குப் பதில் ப்ளக் பாயிண்ட், அவ்வளவுதான்.

இன்னொன்று: லண்டனில் வாராவாரம் சில பக்கங்களாக வந்ததை இங்கே ஒரே புத்தகமாகக் கொடுத்தார்கள். அதனால் ரெண்டு மூணு பக்கத்துக்கு ஒரு தரம் மாயாவி சாவின் விளிம்புக்குப் போய் வருவான். ஒரு வாரம் காத்திருக்க வேண்டிய ஆபத்தைத் தமிழ் வாசகன் ஒரு பக்கத்தைப் புரட்டித் தாண்டினான். மூச்சுவிடாத இந்த வேகம் மூலத்தில் இல்லாதது, தொகுப்பு உண்டாக்கியது.

யார் வரைந்தது? பார்சலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ (1919–1995). எழுதியவர் முதலில் கென் புல்மர், பிறகு டாம் டல்லி. ஆனால் வேலியண்டை வெளியிட்ட ஃப்ளீட்வே தன் பக்கங்களில் படைப்பாளிகளின் பெயரைப் போடுகிற வழக்கமில்லாத நிறுவனம். பிரிட்டிஷ் காமிக்ஸில் அது வழக்கமாகத் தொடங்கியதே 1977இல் வந்த ‘2000 ஏடி’ வார இதழுக்குப் பிறகுதான். பிராங்கோவின் ஸ்பெயினில் உட்கார்ந்து வரைந்தவரின் உழைப்பு மட்டும் கடல் தாண்டியது, பெயர் தாண்டவில்லை. கதாபாத்திரத்தின் கதியும் அவனைப் படைத்தவரின் கதியும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

1984இல் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கி, வாசகர்களோடு நேராகப் பேசத் தொடங்கியபோது நிலைமை கொஞ்சம் மாறியது. ஆசிரியராவது இப்போது ஓர் ஆள். ஆனால் முதல் பத்தாண்டுகள்? ஆங்கிலத்துக்கென்று அளவெடுத்த பலூனுக்குள் அதைவிட நீளமான தமிழ்ச் சொற்களை அடக்குவது லேசான காரியமில்லை. எதை வெட்டுவது, எங்கே ‘ஐயோ’ போடுவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். லட்சக்கணக்கில் விற்ற தொடர்கதைகளுக்குக்கூட இன்று ஆய்வேடுகள் உண்டு. இந்தப் பலூன் தமிழை வரிவரியாகப் படித்து, அது யார் கை என்று கேட்க நம் விமர்சனத்துக்கு நேரம் வாய்க்கவில்லை.

இங்கிலாந்தில் ரெபெல்லியன் நிறுவனம் 2021இல் கிராண்டெலின் கதைகளைத் தொகுத்தபோது பிளாஸ்கோவின் பெயர் முறையாக அச்சானது. இங்கே முத்துவின் ஆரம்ப இதழ்கள் சேகரிப்பாளர்களிடையே பெரிய விலைக்குக் கைமாறுகின்றன. வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது அட்டை கிழியாமல் இருக்கிறதா என்பதை.