தொகுதிப்பொருள் உணர்த்தும் ஆங்கிலத் தொடர்கள்: வரலாறும் சட்ட வழக்கும்

ஒரு பொருள் எவற்றால் ஆயது, ஒரு குழுவில் எவரெவர் அடங்குவர் என்பவற்றைக் கூற ஆங்கிலத்தில் பல தொடர்கள் வழங்குகின்றன. ஒருபொருட் பன்மொழிகள் போலத் தோன்றினும் இவை தோற்றத்தாலும் நோக்கும் திசையாலும் வேறுபட்டவை. சட்ட ஆவணங்களில் இவ்வேறுபாடு அதிகாரத்தையும் நில எல்லையையும் தொடுவதால் இவற்றின் வரலாறு ஆராயத்தக்கது.

உருபிலிருந்து இடைச்சொல்லுக்கு

பழைய ஆங்கிலத்தில் இவ்வுறவைப் பெரும்பாலும் வேற்றுமை உருபே உணர்த்தியது. 'நூறு மாந்தர்' என்பதை 'ஹுண்ட் மன்னா' என்றனர். இதில் 'மன்னா' என்பது ஆறாம் வேற்றுமைப் பன்மை வடிவமாகும். முன்னரே தேயத் தொடங்கியிருந்த உருபுகள், 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் பெரும்பாலும் மறைந்தன. அவ்விடத்தை 'ஆஃப்' என்னும் இடைச்சொல் பெற்றது. இதனையொத்த பிரெஞ்சு இடைச்சொல்லின் வழக்கும் இவ்வளர்ச்சிக்கு வலுவூட்டியது.

கடன்பெற்ற வினைகள்

பின்னர் இலத்தீனிலிருந்து நேராகவும் பிரெஞ்சு வழியாகவும் வினைச்சொற்கள் வந்தன. 'கன்சிஸ்ட்' என்பதன் இலத்தீன் மூலம் நிலைத்து நிற்றலைக் குறித்தது. 'கம்போஸ்' ஒருங்கு வைத்தலையும், 'கம்ப்ரைஸ்' சேர்த்துப் பற்றுதலையும் அடிப்படையாகக் கொண்டவை. பற்றுவது முழுமை, பற்றப்படுவன உறுப்புகள். ஆதலின் 'கம்ப்ரைஸ்' என்னும் வினைக்கு முழுமையே எழுவாயாக அமைவது மரபு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் உறுப்புகளை எழுவாயாக்கும் வழக்கும் தோன்றியது. 'கம்ப்ரைஸ்ட் ஆஃப்' என்னும் செயப்பாட்டு வடிவமும் பரவிற்று. இலக்கண நூலார் பலர் கண்டித்தும் இவ்வழக்குகள் மறையவில்லை.

சட்டத்தில் சொல்லின் எடை

அமெரிக்கக் காப்புரிமை நடைமுறையில் 'கம்ப்ரைசிங்' என்பது திறந்த சொல். கூறப்பட்ட கூறுகளோடு பிறவும் இருக்கலாம். 'கன்சிஸ்டிங் ஆஃப்' மூடிய சொல். கூறப்பட்டவை தவிரப் பிறவற்றை அது விலக்கும். ஒரு கலவையில் கூடுதலாக ஒரு பொருளைச் சேர்த்தவர் பிறர் உரிமையை மீறினாரா என்பது இச்சொல்லைப் பொறுத்து முடிவாகலாம்.

1950 சனவரி 26-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் ஆங்கில மூலத்தில் இவ்விரு வினைகளும் உள்ளன. 79-ஆம் பிரிவு, குடியரசுத் தலைவரும் ஈரவைகளும் சேர்ந்ததே நாடாளுமன்றம் என்பதைக் 'கன்சிஸ்ட் ஆஃப்' என்ற தொடரால் கூறுகிறது. எந்த அவையிலும் உறுப்பினராக இருத்தலாகாத குடியரசுத் தலைவர், நாடாளுமன்றத்தின் உறுப்பாகிறார். 168-ஆம் பிரிவு மாநிலச் சட்டமன்ற அமைப்பில் ஆளுநரை அவ்வாறே சேர்க்கிறது.

நாட்டின் ஆட்சிப்பரப்பைக் கூறும் முதற்பிரிவின் மூன்றாம் உட்பிரிவோ 'கம்ப்ரைஸ்' என்ற வினையை ஆள்கிறது. ஆயினும், புதிதாகச் சேரக்கூடிய நிலத்திற்கான இடத்தை வரைவாளர் அவ்வினையிடம் விட்டுவிடவில்லை. பின்னர்ப் பெறப்படும் நிலப்பகுதிகளைத் தனிக்கூறாகவே எழுதினர். பெருபாரி பற்றிய 1960-ஆம் ஆண்டுக் கருத்துரையில் உச்ச நீதிமன்றம் இக்கூறை ஆராய்ந்தது. நிலம் பெறும் அதிகாரத்தை இக்கூறு வழங்கவில்லை என்றும், பெறப்பட்ட நிலம் ஆட்சிப்பரப்பில் சேர்வதையே குறிக்கிறது என்றும் விளக்கியது. நிலத்தைப் பிற நாட்டிற்கு விட்டுக்கொடுக்க அரசியலமைப்புத் திருத்தம் தேவை என்பதும் அக்கருத்துரையின் முடிபாகும். அவ்வாண்டே ஒன்பதாம் திருத்தம் நிறைவேறிற்று.

தமிழாக்கத்திற்கு ஒரு குறிப்பு

தமிழில் 'இவற்றைக் கொண்டது', 'இவற்றால் ஆயது' என்பன முழுமையை எழுவாயாக்கும். 'இதில் இவை அடங்கும்' என்பதோ உறுப்புகளை எழுவாயாக்குவதுடன், பிறவும் உள என்று கருத இடம் தரும். மூலம் மூடிய பட்டியலாக இருக்க, பெயர்ப்பில் 'அடங்கும்' என எழுதின் வரம்பு தளர்ந்துவிடும். எனவே சட்டத்தைத் தமிழாக்குவோர் அகராதிப் பொருளோடு நில்லாது, முழுமை எது, உறுப்பு எது, பட்டியல் முடிந்ததா என்னும் மூன்றையும் தெளிந்த பின்னரே வினையைத் தேர்தல் வேண்டும்.