பாலைவன நடைப்பயணம்: உடன் செல்பவர் அறிய வேண்டியவை

ராஜஸ்தான் மாநிலத்தின் தார் பாலைவனத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பலர் நடைப்பயணம் மேற்கொள்கின்றனர். மார்ச் இறுதியிலும் அக்டோபரிலும் அங்குப் பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. கோடையில் நடப்பது உயிருக்கே ஆபத்தானது. 2016 மே 19 அன்று பலோடி நகரில் 51 டிகிரி பதிவானது.

இப்பக்கம் இருவராகச் செல்வோருக்காக, குறிப்பாக நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயம் அல்லது சிறுநீரகம் சார்ந்த நோய்களுக்கு மருந்து உட்கொள்வோருக்கும் அவர்களுடன் செல்வோருக்கும் எழுதப்பட்டது. வெப்பத்தால் கடுமையாகப் பாதிக்கப்படுபவரின் சிந்தனைத் தெளிவு குறைந்துவிடுவதால், தமக்கு நேர்வதை அவரால் உணர இயலாது. அதனை முதலில் கண்டறியக்கூடியவர் உடன் நடப்பவரே.

உடலில் நிகழ்வது என்ன?

காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தை (ஏறக்குறைய 35 டிகிரி) மிஞ்சும்போது, வியர்வை ஆவியாவது ஒன்றே உடலைக் குளிர்விக்கும் வழியாகிறது. வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடும். உடை நனையாததால் தமக்கு வியர்க்கவில்லை என்று பலர் எண்ணுவர். ஆனால் வெயிலில் சுமையுடன் நடப்பவர் மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் நீரை இழக்கக்கூடும். மேலும், தளர்ந்த மணலில் நடப்பதற்குக் கெட்டியான தரையில் நடப்பதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு ஆற்றல் தேவைப்படுகிறது. சமவெளியில் எளிதாகக் கடக்கும் தூரத்தை அளவாகக் கொண்டு பாலைவனப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள்.

புறப்படும் முன்

• வெப்பத்திற்கு உடல் பழக 7 முதல் 14 நாட்கள் ஆகும். முதல் சில நாட்களில் குறைந்த தூரமே நடக்கவும்.
• நீர் பிரியச் செய்யும் மாத்திரைகள், சில இரத்த அழுத்த மாத்திரைகள், சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் நீரிழிவு மாத்திரைகள், லித்தியம், சில ஒவ்வாமை மற்றும் மனநல மருந்துகள் ஆகியவை வெப்பப் பாதிப்பை அதிகரிக்கக்கூடும். இவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. பயணத்திற்கு முன் மருத்துவரைச் சந்தித்து அளவு பற்றிக் கேட்டறியவும்.
• இன்சுலினை வெயிலில் நிற்கும் வாகனத்திலோ பையின் வெளி அறையிலோ வைக்காதீர்கள். மருந்து நனையாதவாறு உறையிலிட்டு, அதன்மேல் ஈரப் பருத்தித் துணி சுற்றி, காற்றுப்படும் நிழலில் வைக்கவும்.
• ஒருவர் உட்கொள்ளும் மருந்துகளின் பெயர், அளவு, நேரம் ஆகியவற்றை மற்றவரும் எழுதி வைத்திருக்க வேண்டும்.
• உங்கள் வழித்தடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஊரில் உள்ள ஒருவரிடம் தெரிவிக்கவும். குறித்த நேரத்திற்குள் தகவல் வராவிட்டால் தேட ஆளனுப்புமாறு சொல்லி வைக்கவும். பாலைவனத்தின் பல பகுதிகளில் கைபேசி இணைப்பு கிடைப்பதில்லை.

எவ்வளவு நீர் அருந்துவது?

தாகம் எடுக்கும்போதெல்லாம் அருந்துங்கள். நீரைச் சேமிக்க எண்ணித் தாகத்தை அடக்க வேண்டாம். முதியோருக்குத் தாக உணர்வு குறைவு என்பதால் உடன் செல்பவர் அவ்வப்போது நினைவூட்ட வேண்டும். இதய அல்லது சிறுநீரக நோயால் நீரின் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் மருத்துவரின் அனுமதியின்றி இப்பயணத்தை மேற்கொள்ளலாகாது.

தேவைக்கு மிஞ்சி வெறும் நீரையே அருந்துவதும் ஆபத்தானது. இரத்தத்தில் சோடியம் குறைந்து மூளை வீங்கும் நிலை ஏற்படலாம். நடக்கும்போது உப்புள்ள தின்பண்டம் உண்ணுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களையும் எடுத்துச் செல்லுங்கள். பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவு நீரில்தான் அதனைக் கரைக்க வேண்டும். நீரைக் குறைத்தால் உப்பு மிகுந்துவிடும்.

ஒருவரையொருவர் கவனித்தல்

மணிக்கு ஒரு முறை நின்று, கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்:

• கேட்ட கேள்விக்குத் தெளிவாக விடை சொல்கிறாரா? இன்று என்ன கிழமை, எந்த ஊரிலிருந்து புறப்பட்டோம் என்று கேட்கலாம்.
• நடை தள்ளாடுகிறதா? பேச்சு குழறுகிறதா? வழக்கத்திற்கு மாறான எரிச்சலோ மௌனமோ உள்ளதா?
• கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது? அதன் நிறம் என்ன?

“எனக்கு ஒன்றுமில்லை, நடப்போம்” என்னும் பதிலை மட்டும் நம்பி நடக்க வேண்டாம். ஐயம் எழுந்தால் நிற்பதே முறை. எவரேனும் ஒருவர் நிற்க வேண்டும் என்றால் இருவரும் நிற்பது என்று புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அறிகுறிகளும் முதலுதவியும்

வெப்பச் சோர்வு: தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த களைப்பு ஆகியவை இருக்கும், சிந்தனை தெளிவாக இருக்கும். நிழலில் படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்கவும். அன்றைய நடையை அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

வெப்பத்தாக்கு: உடலின் உள்வெப்பம் 40 டிகிரிக்கு மேல் உயர்ந்து, குழப்பம், வலிப்பு அல்லது மயக்கம் ஏற்படும். நடையால் வரும் வெப்பத்தாக்கில் தோல் வியர்வையுடன் இருக்கலாம். வியர்ப்பதால் ஆபத்தில்லை என்று கருதாதீர்கள். முதலில் குளிர்விக்க வேண்டும்; அதன் பின்பே கொண்டுசெல்ல வேண்டும். மேலாடைகளை அகற்றி, கையிலுள்ள நீரை உடல் முழுதும் தெளித்து, துணியால் இடைவிடாது விசிறுங்கள். 30 நிமிடங்களுக்குள் வெப்பத்தைக் குறைப்பது உயிர் காக்கும். பாராசிட்டமால் இதற்குப் பயன்படாது. மயங்கியவரின் வாயில் நீர் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

சோடியம் குறைவு: நிறைய நீர் அருந்திய பின்பும் தலைவலி, வாந்தி, விரல்கள் வீங்குதல், குழப்பம் ஆகியவை தோன்றும். வெறும் நீர் கொடுப்பதை நிறுத்தி, விழுங்க முடிந்தால் உப்புள்ள உணவு கொடுத்து, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும்.

நீரிழிவு உள்ளவர் குழம்பினால், குளிர்விக்கும்போதே இரத்தச் சர்க்கரையையும் சோதியுங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழிருந்து, அவரால் விழுங்க முடியுமானால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். சோதிக்க இயலாவிட்டாலும் இதனைச் செய்யலாம்.

உதவி தேடுதல்

112 அல்லது 108 எண்ணை அழையுங்கள். இணைப்பு இல்லாதபோது, நோயுற்றவரைத் தனியே விட்டு நண்பகல் வெயிலில் உதவி தேடி ஓடுவதால் இருவரும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடும். முதலில் நிழல் அமைத்துக் குளிர்வியுங்கள். ஊரில் தகவல் சொல்லி வைத்திருந்தால் உதவி உங்களைத் தேடி வரும். செல்வதைத் தவிர வேறு வழியில்லை எனில், நீரின் ஒரு பகுதியை அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, அவ்விடத்தைத் தொலைவிலிருந்து தெரியும்படி வண்ணத் துணியால் அடையாளப்படுத்திச் செல்லுங்கள்.

இரவுக் குளிர்

ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். வியர்வையில் நனைந்த உடையை மாலையிலேயே மாற்றி, கம்பளி உடை அணியுங்கள்.

மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவர்கள்

சிறிது நேரமேனும் குழப்பமோ மயக்கமோ ஏற்பட்டவர், பின்னர் தெளிந்துவிட்டாலும், அன்றே மருத்துவமனையில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சிறுநீரகம், கல்லீரல், தசைகள் ஆகியவற்றின் பாதிப்பு ஓரிரு நாட்கள் கழித்தும் வெளிப்படலாம். சிறுநீர் தேநீர் நிறத்தில் வெளியேறினாலும், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் வராவிட்டாலும் தாமதிக்கக் கூடாது. உடன் சென்றவரும் மருத்துவமனைக்கு வந்து, தாம் கண்டவற்றை நேரத்துடன் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு அவற்றில் பல நினைவிருக்காது.