பச்சைச் சூரியனும் வரையாமல் போன வானமும்

1883 செப்டம்பர் இரண்டாம் வாரம் நம் தென்னாட்டிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாக உதித்தது. மேலே ஏறும்போது நீலமாகி, பிறகு வெளுத்தது. சாயங்காலம் மறுபடி பச்சை. இது பாட்டி கதை இல்லை. சென்னை கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித், நிறமாலைக் கருவி வைத்து அந்த ஒளியைப் பார்த்துக் குறித்து வைத்தார். பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனவர் இவர்தான்.

காரணம் சுந்தா நீரிணையில் இருந்தது. நம் ராஜேந்திர சோழன் படை போன ஸ்ரீவிஜயம் சுமத்ராவில்தானே? அந்தத் தீவுக்கும் ஜாவாவுக்கும் இடையே உள்ள கடல் அது. அங்கே கிரக்கத்தோவா எரிமலை ஆகஸ்ட் 27 அன்று வெடித்துச் சிதறியது. 36,000 பேருக்கு மேல் மாண்டனர், பெரும்பாலும் கடல் அலையில். அந்த அலையின் அசைவு நாகப்பட்டினத்து அலைமானியிலும் பதிவானது. மேலே போன தூசி கிழக்கிலிருந்து மேற்காக ஓடி, சுமார் 13 நாளில் பூமியையே ஒரு சுற்று சுற்றி வந்தது. ஏறக்குறைய ஒரே அளவான அந்த நுண்துகள்கள் சூரிய ஒளியில் சிவப்பை அதிகம் சிதறடித்துவிட, பச்சையும் நீலமும் நம் கண்ணுக்கு மிஞ்சின.

ஐரோப்பிய ஓவியர்களுக்கு எரிமலை புதிதல்ல. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்குப் பக்கத்தில் வெசூவியஸ் அடிக்கடி கக்கிக்கொண்டே இருந்ததால், 18ஆம் நூற்றாண்டில் அதை வரைவது ஒரு தொழிலாகவே நடந்தது. ஆங்கிலேயர் ஜோசப் ரைட் அங்கே போயிருந்தபோது மலை லேசாகத்தான் புகைந்தது. ஆனாலும் ஊர் திரும்பி முப்பதுக்கு மேல் வெசூவியஸ் படங்களை வரைந்து தள்ளினார். டர்னர் இன்னும் ஒரு படி மேல். இத்தாலிப் பக்கமே போகாத 1817இல் வெசூவியஸ் வெடிப்பதை வரைந்துவிட்டார்!

எனக்குப் பிடித்தவர் இவர்கள் யாருமில்லை, வில்லியம் ஆஸ்கிராஃப்ட். பெரிய பெயர் எடுக்காத மனிதர். கிரக்கத்தோவாவின் தூசி நவம்பரில் லண்டன் வானத்துக்கு வந்தபோது, சூரியன் மறைந்த பிறகும் நெடுநேரம் வானம் ரத்தமாய்ச் சிவந்து கிடந்தது. (அமெரிக்காவில் பக்கத்து ஊர் பற்றி எரிகிறதென்று தீயணைப்பு வண்டியை ஓட்டினார்களாம்.) ஆஸ்கிராஃப்ட் செல்சியில் தேம்ஸ் நதிக்கரையில் நின்று, நிறம் மாற மாற வண்ணக்கட்டியால் ஒன்றன்பின் ஒன்றாகத் தீட்டினார். மாலைக்கு மாலை இப்படியே. ஐந்நூறுக்கு மேல் சேர்ந்துவிட்டன. நவம்பர் 26 மாலை வரைந்தவற்றை ராயல் சொசைட்டி 1888இல் தன் கிரக்கத்தோவா அறிக்கையின் முகப்பிலேயே போட்டது. மலையும் இல்லை, நெருப்பும் இல்லை, வெறும் வானம். என் கணக்கில் எரிமலை ஓவியங்களில் மிக நேர்மையானவை இவையே.

நம் பக்கம் என்ன ஆயிற்று? வீராணம் ஏரிக் கரையில் நின்றால் தண்ணீருக்கு அப்பால் மேற்கே பொழுது சாய்வது தெரியும். அந்த வருஷம் மாடு ஓட்டி வந்தவர்களும் மடை பார்க்கப் போனவர்களும் அதைப் பார்த்து என்னென்ன பயந்தார்களோ! ஒருவர் வரைந்ததாகக் கூட நான் படித்ததில்லை. கை இல்லாமல் இல்லை. சென்னையில் ஓவியப் பள்ளி 1850லேயே வந்துவிட்டது. ரவிவர்மாவுக்கு அப்போது 35 வயது. ஆனால் அவருக்கு மனிதர்கள்தான் பொருள். தஞ்சாவூர்ப் படத்தில் சாமிக்குப் பின்னால் தங்க ரேக்குதான், வானம் ஏது? சிதம்பரத்தில் சிவகாமியம்மன் சன்னதி மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள்: பிட்சாடனர், மோகினி, தாருகாவனத்து முனிவர்கள் என்று விதானம் நிறைய ஆட்கள். மாலைப் பொழுதை முல்லைத் திணைக்கென்றே ஒதுக்கி வைத்த மொழி நம்முடையது. புலவர்கள் பார்த்த அந்தியை ஓவியர்கள் தனியாகப் பார்க்கவில்லை. இது குறையா, வேறு வழியா என்று தெரியவில்லை. ஆனால் அந்தப் பச்சைச் சூரியன் ஒரு விஞ்ஞானியின் குறிப்பில் மட்டும் தங்கியதில் எனக்கு வருத்தம்தான்.

ஆசியாவில் எரிமலையை வரைய ஆளே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜாவாக்காரரான ராடன் சாலே ஐரோப்பாவில் படித்துத் திரும்பியவர். 1865இல் மெராப்பி மலை கக்குவதைப் பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டு படமாக வரைந்தார். கிரக்கத்தோவா வெடிப்பதற்கு மூன்று வருஷம் முன்பு, 1880இல் அவர் காலமாகிவிட்டார்.