கியூபா 6.4, இந்தியா 3.7

"பணம் வந்தால் மட்டும் சந்தோஷம் வராது, ஆராய்ச்சியிலேயே நிரூபிச்சுட்டாங்க" என்று யாராவது அடித்துச் சொன்னால், அந்த ஆராய்ச்சியின் வேரைத் தேடிப் போனால் பெரும்பாலும் ஒரே ஒரு அட்டவணைக்குத்தான் போய்ச் சேருவோம். பதினான்கு நாடுகள், பதினான்கு வரிகள். பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் 1974-ல் எழுதிய கட்டுரையில் அது இருக்கிறது. (ஈஸ்டர்லின் முதலில் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். அப்புறம்தான் பொருளாதாரம். 2024 டிசம்பரில் தன் 98-வது வயதில் காலமானார்.)

அவர் சொன்னது சுருக்கமாக இதுதான். ஒரு நாட்டுக்குள் பார்த்தால், பணக்காரர்கள் ஏழைகளைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் நாட்டுக்கு நாடு ஒப்பிட்டால் அந்தத் தொடர்பு மங்கிவிடுகிறது. ஒரே நாட்டைக் காலப்போக்கில் பார்த்தாலும் அப்படித்தான். 1946-லிருந்து 1970 வரை அமெரிக்காவில் வருமானம் ஏறியது, மகிழ்ச்சி ஏறவில்லை. இதைத்தான் ஈஸ்டர்லின் முரண் என்கிறார்கள்.

அந்த அட்டவணையின் மகிழ்ச்சி எண்கள் ஈஸ்டர்லின் சேகரித்தவை அல்ல. ஹேட்லி கேன்ட்ரில் என்ற உளவியலாளர் 1965-ல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து எடுத்தவை. செவ்வாய்க் கிரகவாசிகள் படையெடுத்து வந்துவிட்டதாக 1938-ல் ஒரு வானொலி நாடகம் அமெரிக்காவைக் கலங்கடித்ததே, அதை ஆராய்ந்து புத்தகம் போட்ட அதே கேன்ட்ரில்தான். அவர் கண்டுபிடித்த கருவி ஒரு ஏணி. முதலில் உங்கள் ஆசைகள் என்ன, பயங்கள் என்ன என்று கேட்பார்கள். அப்புறம் ஏணிப் படத்தைக் காட்டி, நீங்கள் கற்பனை செய்யும் மிக நல்ல வாழ்க்கை 10-வது படி, மிக மோசமானது 0, இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பார்கள். அவ்வளவுதான்.

அமெரிக்கா 6.6. இந்தியா 3.7. தலா வருமானம் அமெரிக்காவில் 2,790 டாலர், இந்தியாவில் 140. இருபது மடங்கு வித்தியாசம். இதுவரைக்கும் எதிர்பார்த்ததுதான். ஆனால் 225 டாலர் வருமானமுள்ள எகிப்து 5.5 வாங்கியிருக்கிறது, 1,860 டாலர் வருமானமுள்ள மேற்கு ஜெர்மனிக்கு 5.3. இந்தியாவைவிடக் கொஞ்சம் குறைந்த வருமானம் (134 டாலர்) உள்ள நைஜீரியாவுக்கு 4.8. எல்லாவற்றையும்விட விசித்திரம், 516 டாலர் கியூபா 6.4 வாங்கி அமெரிக்காவின் தோளுக்குப் பக்கத்தில் நிற்பது. கடைசியில் டொமினிகன் குடியரசு, 1.6. அதன் வருமானம் 313 டாலர், இந்தியாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்த இரண்டு நாடுகளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தால்தான் எண்கள் பேச ஆரம்பிக்கின்றன. கியூபாவில் கேட்டது 1960-ல். ஃபிடல் காஸ்ட்ரோ ஹவானாவுக்குள் நுழைந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. கேட்கப்பட்டவர்கள் சுமார் ஆயிரம் பேர், எல்லோரும் நகரவாசிகள். டொமினிகன் குடியரசில் கேட்டது 1962-ல். முப்பது வருஷம் நாட்டை ஆட்டிப் படைத்த ட்ருஹியோ 1961 மே 30 அன்று சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அடுத்து யார், என்ன என்று எதுவும் தெரியாத நேரம். ஆக, ஒரு இடத்தில் புரட்சியின் தேனிலவு, இன்னொரு இடத்தில் சர்வாதிகாரி போன பிறகான குழப்பம். இதில் பணத்துக்கு என்ன வேலை?

கியூபா கணக்கெடுப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கேன்ட்ரிலும் லாயிட் ஃப்ரீ என்பவரும் சேர்ந்து நடத்திய ஆய்வு நிறுவனத்துக்கு ராக்ஃபெல்லர் பெயரில் வந்த பணம் உண்மையில் சிஐஏ பணம் என்று 1977-ல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. கியூபா மக்களிடம் காஸ்ட்ரோவுக்குப் பெரிய ஆதரவு இருக்கிறது என்றுதான் ஃப்ரீயின் அறிக்கை சொன்னது. 1961 ஏப்ரலில் பன்றிகள் விரிகுடாவில் நாடுகடந்த கியூபர்களை அமெரிக்கா இறக்கிவிட்டது. அவர்கள் மூன்றே நாளில் தோற்றுப்போனார்கள். நாம் இன்று 'மகிழ்ச்சி' என்று படிக்கும் 6.4 என்ற எண்ணை, இந்த மக்கள் ஆட்சிக்கு எதிராகக் கிளம்புவார்களா என்ற கேள்விக்கான பதிலாக அன்றைக்கே யாராவது உட்கார்ந்து படித்திருக்கலாம்.

சும்மா இருக்க முடியாமல் பதினான்கு வரிகளையும் ஸ்பிரெட்ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். வருமானத்தை மடக்கை அளவில் வைத்து ஒட்டுறவுக் கெழு கணக்கிட்டால் 0.48 வருகிறது. கியூபா, டொமினிகன் குடியரசு என்ற இரண்டே வரிகளை நீக்கினால் 0.68. பன்னிரண்டு புள்ளிகளை வைத்துப் பெரிதாக ஒன்றும் நிரூபிக்க முடியாதுதான். ஆனால் "தொடர்பு மங்கல்" என்ற முடிவில் பாதி இரண்டு நாடுகளின் அரசியல் வானிலையால் வந்தது என்பது தெரிகிறது. எகிப்தும் நைஜீரியாவும் தங்கள் வருமானத்துக்கு மீறி ஏறி நிற்பதற்கும் சூயஸ் கால்வாய் நாட்டுடைமை ஆனதும், 1960-ல் நைஜீரியாவுக்கு விடுதலை கிடைத்ததும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. நமக்கு விடுதலை வந்து அப்போது பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. தேனிலவு முடிந்துபோன வயசு.

அட்டவணையைவிட என்னை அதிகம் பிடித்து நிறுத்தியவை அந்த மனிதர்கள் சொன்ன ஆசைகள். 1962-ல் இந்தியாவில் ஒரு விவசாயக் கூலி. வயது 35, எழுத்தறிவு கிடையாது, மாத வருமானம் 10 டாலர், அன்றைய மதிப்பில் 48 ரூபாய்க்குள். அவர் கேட்டது ஒரு மகன், ஊரான் நிலத்தில் உழைக்காமல் சொந்தமாக ஒரு துண்டு நிலம், ஒரு வீடு, பாலுக்கும் நெய்க்கும் ஒரு பசு, மனைவிக்குக் கொஞ்சம் நல்ல துணி. அமெரிக்காவில் ஒரு ஆய்வகத் தொழில்நுட்பர், வயது 34. அவருக்கு வேண்டியது வீடு, புதுக் கார், ஒரு படகு, நான்கு பிள்ளைகளையும் தனியார் பள்ளிக்கு அனுப்பும் அளவு வருமானம். இவருக்கு 10-வது படியில் படகு, அவருக்கு 10-வது படியில் பசு. ஏணியின் உச்சியை அவரவரே கட்டிக்கொள்கிறார்கள். ஊர் முழுக்க வசதி வந்தால் உச்சியும் கூடவே மேலே போய்விடும் என்பதுதான் ஈஸ்டர்லினின் விளக்கம். எனக்கு அது சரியென்றே தோன்றுகிறது, ஆனால் முழுக்க அல்ல.

ஏனென்றால் அவருடைய பிற்காலத்து முக்கியச் சாட்சியான ஜப்பான் ஆட்டம் கண்டது. 1958-லிருந்து 1987-க்குள் ஜப்பானின் தலா வருமானம் ஐந்து மடங்கானது, மகிழ்ச்சிக் கோடு மட்டும் படுக்கையாகவே கிடந்தது என்று 1995-ல் எழுதினார். 2008-ல் பெட்ஸி ஸ்டீவன்சன், ஜஸ்டின் உல்ஃபர்ஸ் இருவரும் ஜப்பானிய மூலக் கேள்வித்தாள்களைப் போய்ப் பார்த்தார்கள். நடுவில் கேள்வியே மாறியிருந்தது! ஆரம்பத்தில் முதல் விடை 'முழுத் திருப்தி இல்லாவிட்டாலும் மொத்தத்தில் பரவாயில்லை' என்ற மாதிரி இருந்தது. 1964-ல் அது 'முழுத் திருப்தி' என்று கறாராகிவிட்டது. ஸ்கீமாவை மாற்றிவிட்டு வெர்ஷன் நம்பரை மாற்றாமல் விட்டது போல. அதை டிக் செய்கிறவர்கள் குறையத்தானே செய்வார்கள்? ஒரே கேள்வி கேட்கப்பட்ட காலங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால், வளர்ச்சி வேகமாக இருந்த காலத்தில் திருப்தியும் ஏறியிருக்கிறது.

ஈஸ்டர்லின் விடவில்லை. 2012-ல் சீனாவைக் கொண்டுவந்து நிறுத்தினார். 1990-லிருந்து இருபது ஆண்டுகளில் சீனர்களின் நுகர்வு குறைந்தது நான்கு மடங்கானது. வாழ்க்கைத் திருப்தியோ முதலில் இறங்கி, பிறகு மெதுவாகப் பழைய இடத்தை நோக்கி ஏறியது. அந்த இறக்கம் வந்த காலம், அரசுத் தொழிற்சாலைகளில் கோடிக்கணக்கானவர்கள் வேலை இழந்த காலம். நிரந்தர வேலை, வேலையோடு வந்த வீடு, மருத்துவம், ஓய்வூதியம் எல்லாம் சேர்ந்த 'இரும்புச் சோற்றுக் கிண்ணம்' உடைந்த காலம். கையில் டிவி வந்தது, காலுக்கடியில் இருந்த பலகை போனது. அவருடைய வாதங்களில் எனக்கு மிக வலுவாகப் படுவது இதுதான். முரண் என்று பெயர் வைக்க வேண்டிய அளவுக்கு இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

கேன்ட்ரிலின் ஏணி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வருஷா வருஷம் உலக மகிழ்ச்சி அறிக்கை வந்ததும் "பாகிஸ்தானுக்கும் கீழே நாமா?" என்று சண்டை நடக்கிறதே, அதில் கேட்பது இதே பத்துப் படிக் கேள்விதான். 2024 அறிக்கையில் இந்தியாவுக்கு 4.05. இரண்டு கணக்கெடுப்புகளின் முறையும் வேறு என்பதால் 1962-இன் 3.7-ஓடு நேராக ஒப்பிடக்கூடாது. ஆனாலும் இடைப்பட்ட காலத்தில் நம் உண்மையான தலா வருமானம் ஆறு மடங்குக்கும் மேல் ஏறியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த இரண்டு எண்களும் கண்ணில் உறுத்தத்தான் செய்கின்றன.

1962-ல் பேசிய இந்தியர்களில் ஒரு திறன்பெற்ற தொழிலாளியும் உண்டு. வயது 40, வருமானம் மாதம் 30 டாலர், ஏறக்குறைய 143 ரூபாய். அவருடைய பட்டியலில் ஒரு சைக்கிள் இருக்கிறது, பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது, என்றைக்காவது ஒரு மின்விசிறி, முடிந்தால் ஒரு ரேடியோ என்று இருக்கிறது. இவை அனைத்துக்கும் முன்னால், முதலாவதாக அவர் சொன்னது, இனிமேல் நோய் எதுவும் வராமல் இருக்க வேண்டும், இப்போது இருமிக்கொண்டிருக்கிறேன் என்பதுதான்.