மணல் கணக்கும் மோல் கணக்கும்

வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிற நம்மவர்கள் பலருக்கும் வார இறுதியில் வரும் தலைவலி, பிள்ளைகளின் வேதியியல் ஹோம்வொர்க். அதிலும் இந்த 'மோல்' கணக்கு! காமர்ஸ் படித்துவிட்டு பேங்கில் குப்பை கொட்டுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என்னைக் கேட்டால் இது நம்ம பேரேட்டுக் கணக்கேதான். எங்க ஊர்ப்பக்கத்துச் சரித்திரத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

எங்க ஊர்ப்பக்கம் என்றால் வெள்ளறடை, பாறசாலை, நெய்யாற்றின்கரை. கேரளத்தின் தெற்கு எல்லை. 1956 நவம்பர் 1 வரை அங்கே மாநில எல்லை என்று ஒன்று கிடையாது. கல்குளம், விளவங்கோடு எல்லாம் எங்களோடு ஒரே ராஜ்யத்தில்தான் இருந்தன. அன்றைக்கு அவை சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் மணவாளக்குறிச்சி மணல் ஒரு மாநிலத்திலும், திருவனந்தபுரம் கொச்சுவேளி டைட்டானியம் ஆலை இன்னொரு மாநிலத்திலுமாக ஆயிற்று. நாங்கள் நடுவில்.

அந்த மணலின் கதை 1909-ல் தொடங்குகிறது. திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கண்டுபிடித்தார். அந்தக் காலத்து காஸ் விளக்கு மேண்டிலுக்கு வேண்டிய தோரியம் அதில் இருந்தது. கூடவே கிடைத்த கறுப்பு மணலான இல்மனைட்டை முதலில் யாரும் சீந்தவில்லை. 1920-களில் டைட்டானியம் வெள்ளைப் பெயின்ட் பரவியதும் நிலைமை மாறியது. கப்பல் கப்பலாக மணல் போயிற்று, பெயின்ட்டாகித் திரும்பி வந்தது. மணலை விற்றது போதும், நாமே வெள்ளை நிறமி செய்வோம் என்று 1946-ல் திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனம் பிறந்தது.

சரி, கணக்குக்கு வருவோம். அணுவை எண்ண முடியாது. எடை போடத்தான் முடியும். பேங்கில் சில்லறைக் காசை எண்ணாமல் மூட்டையாக எடை போட்டு எண்ணிக்கை சொல்வது போலத்தான் இதுவும். ஒரு டஜன் என்றால் 12. ஒரு மோல் என்றால் 6.022-ஐ அடுத்து இருபது சைபர். இல்லை, தப்பாகச் சொல்லிவிடக் கூடாது: 6022-ஐ அடுத்து இருபது சைபர். அவ்வளவு எண்ணிக்கையின் எடை எத்தனை கிராம் என்பதே மோலார் நிறை. இரும்பு 56, டைட்டானியம் 48, ஆக்சிஜன் 16, கந்தகம் 32, ஹைட்ரஜன் 1.

இல்மனைட்டில் இரும்பு ஒன்று, டைட்டானியம் ஒன்று, ஆக்சிஜன் மூன்று. 56 + 48 + 48 = 152 கிராம். வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு 48 + 32 = 80 கிராம். ஒரு மோல் மணலுக்கு ஒரு மோல் நிறமி. அதாவது சுத்தமான இல்மனைட் ஒரு டன் போட்டால், ஒரு துளி சேதாரம் இல்லாவிட்டாலும் 526 கிலோவுக்கு மேல் நிறமி வராது. எந்த மேனேஜர் வந்தாலும் இந்த வரம்பை மீற முடியாது :-)

மணவாளக்குறிச்சி மணலில் சுமார் 55 சதவீதமும் கொல்லம் பக்கத்துச் சவறை மணலில் சுமார் 60 சதவீதமும் இந்த ஆக்சைடு இருக்கிறதே என்று சிலர் மடக்கலாம். காலகாலமாக மழையும் காற்றும் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவிட்டதால் வந்த லாபம் அது.

மீதி எங்கே போயிற்று? இங்கேதான் விஷயம். கொச்சுவேளி முறையில் மணலைக் கரைக்கக் கந்தக அமிலம் வேண்டும். ஒரு மோல் அமிலம் 98 கிராம். தேவை இரண்டு மோல், 196 கிராம். ஆக, பற்றுப் பக்கம் 152 + 196 = 348.

வரவுப் பக்கம்: நிறமி 80, இரும்பு சல்ஃபேட் 152, நீர்த்துப்போய்த் திரும்பி வரும் அமிலம் 98, தண்ணீர் 18. கூட்டுங்கள், 348. டேலி ஆகிவிட்டது!

இந்தக் கணக்கில் விலைக்குப் போகும் சரக்கு 80 மட்டும். ஒரு டன் நிறமிக்கு 1.9 டன் இரும்பு சல்ஃபேட், 1.2 டன்னுக்கு மேல் அமிலம். விற்றால் அது வரவு, சுத்திகரித்தால் செலவு. இரண்டும் செய்யாவிட்டால்? பல பத்தாண்டுகள் அந்த அமிலக் கழிவு வேளிக் கடலுக்குத்தான் போயிற்று. கரையோர மீனவர்கள் தண்ணீர் நிறம் மாறியதையும் மீன் குறைந்ததையும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கில் அந்த 152-க்கும் 98-க்கும் தனி வரி கிடையாது. அவர்கள் வலையில்தான் அது பற்று விழுந்தது.

ஆலையை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஆலை அது. ஆனால் 1946-ல் ஆலைக்குத் திட்டம் போட்டபோதே இந்த 348 கிராம் கணக்கை யார் வேண்டுமானாலும் ஒரு காகிதத்தில் போட்டிருக்கலாம். கழிவு எவ்வளவு வரும் என்பது ஒன்றும் ரகசியமில்லை.

அதனால் அடுத்த முறை பிள்ளை மோல் கணக்கோடு வந்து நின்றால், விடை எத்தனை கிராம் என்பதோடு விட்டுவிடாதீர்கள். "மீதி எங்கேடா போச்சு?" என்று கேளுங்கள். சமன்பாட்டின் இரண்டு பக்கத்தையும் கூட்டிக் காட்டச் சொல்லுங்கள்.