எந்த ஊர், எந்தப் பல்கலைக்கழகம்?

ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் பிறந்தால் நம் சங்க அங்கத்தினர்களில் நாலைந்து பேராவது என்னைக் கூப்பிடுவார்கள். நாக்பூரில் முப்பது வருஷத்துக்கு மேல் கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவன் என்பதால், பிள்ளையை அல்லது பெண்ணை மேற்படிப்புக்கு வெளிநாட்டில் எங்கே சேர்க்கலாம் என்ற கேள்வி என்னிடம் வந்துவிடுகிறது. இந்தூரிலிருந்து ஒருவர், ஜாம்ஷெட்பூரிலிருந்து ஒருவர், புனேயிலிருந்து இருவர். எல்லார் கையிலும் ஒரு தரவரிசைப் பட்டியல். "மாமா, இது நூத்திருபதாவது ரேங்க், அது நூத்தெண்பது. ஆனா அது பாஸ்டன்ல இருக்காம், எதைப் போடலாம்?" என்பார்கள். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து நாற்பது ஐம்பது லட்சம் கடன் வாங்கப் போகிற குடும்பம் கேட்கும் கேள்வி. சிரித்து ஒதுக்கிவிட முடியாது.

அந்தப் பட்டியலுக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. உலகப் பல்கலைக்கழகங்களை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்தும் வழக்கத்தை 2003-ல் ஷாங்காய் ஜியாவோ டோங் பல்கலைக்கழகம் ஆரம்பித்து வைத்தது. மறு வருஷம் லண்டனிலிருந்து இன்னொரு பட்டியல் வந்தது. அதற்கு முன்னால் நூறு வருஷத்துக்கு மேலாக நம் தேசத்தவர்கள் பட்டியல் இல்லாமலேதான் கப்பலேறினார்கள். அவர்கள் எப்படித் தீர்மானித்தார்கள் என்று கொஞ்ச காலமாகத் தேடிப் படித்து வருகிறேன். படித்த வரையில், ஊரைத் தாமே தேர்ந்தெடுத்தவர்கள் சொற்பம். பணம் கொடுத்தவர் ஊரைக் காட்டியிருப்பார். இல்லையென்றால், இவருடைய வேலையைப் படித்துப் பார்த்துவிட்டு அங்கே ஒரு மனிதர் காத்திருந்திருப்பார்.

வெள்ளைக்கார ஆட்சியில் ஐ.சி.எஸ். பரீட்சை 1922 வரை லண்டனில் மட்டுமே நடந்தது. அந்த வருஷந்தான் அலகாபாத்திலும் நடத்த ஆரம்பித்தார்கள். ஆகவே உத்தியோகத்தை நாடியவர்களுக்கு லண்டன், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்ற மூன்றைத் தவிர வேறு ஊர் கண்ணில் படவே நியாயமில்லை. பாரிஸ்டர் பட்டம் வேண்டியவர்களுக்கும் லண்டன்தான். இவர்களை விட்டுவிடலாம். உத்தியோகத்துக்காக இல்லாமல் ஒரு பாடத்துக்காகப் போனவர்களின் கதைதான் நமக்கு உபயோகமானது.

ராமானுஜனை எல்லாரும் அறிவோம். ஆனால் கேம்பிரிட்ஜை அவர் எப்படி அடைந்தார் என்பதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். பிரசித்தி பெற்ற ஊர் என்றால், அங்கே யாருக்கு எழுதினாலும் பதில் வந்திருக்க வேண்டுமல்லவா? ஹார்டிக்கு முன்னால் பேக்கர், ஹாப்ஸன் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் கணித மேதைகளுக்கு அவர் எழுதினார். பலனில்லை. அதே ஊரில் மூன்றாவது மனிதராகிய ஹார்டி, 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் குமாஸ்தா எழுதிய கடிதத்தை உட்கார்ந்து படித்தார். அடுத்த வருஷம் சொற்பொழிவுகளுக்காகச் சென்னைக்கு வந்த நெவில் நேரிலேயே பேசி அழைத்தார். சென்னைப் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் கொடுத்தது. 1914 மார்ச் 17-ந் தேதி ‘நெவாஸா’ கப்பல் புறப்பட்டது.

கடல் கடப்பது தோஷம் என்று வீட்டில் இருந்த தடையும், கிளம்பும் முன் குடுமியை எடுத்ததும் நம் பத்திரிகைகளில் நிறைய எழுதப்பட்டாகிவிட்டது. நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடந்தது. ஹார்டி என்ற மனிதர் சரியாக அமைந்தார். கேம்பிரிட்ஜ் என்ற ஊர் அமையவில்லை. அவர் போய் இறங்கிய நாலாவது மாதம் யுத்தம் வந்தது. டிரினிடி கல்லூரியின் போஜன சாலையில் சாப்பிட முடியாமல் தன் அறையிலேயே சமைத்துக்கொண்டார். யுத்தத்தில் காய்கறியும் சாமான்களும் கிடைப்பது அரிதாயிற்று. 1917-ல் உடம்பு விழுந்தது. ராயல் சொஸைட்டி அங்கத்தினர் என்ற கௌரவம் 1918-ல் வந்தபோது அவர் நோயாளி. 1919-ல் திரும்பினார், 1920 ஏப்ரல் 26-ந் தேதி காலமானார், வயது 32. ஊர் முக்கியமில்லை என்று யாராவது என்னிடம் சொன்னால் இதைத்தான் நினைத்துக்கொள்வேன். ஊரின் பெயருக்கு மதிப்பில்லாமல் போகலாம். அதன் குளிருக்கும், அடுப்பங்கரைக்கும், பேச்சுத்துணைக்கும் மதிப்பு உண்டு.

பணம் கொடுத்தவர் ஊரைக் காட்டியதற்கு டாக்டர் அம்பேத்கர் நல்ல உதாரணம். பரோடா மன்னர் சயாஜிராவ் மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்று வருஷத்துக்குக் கொடுத்த உதவியால் 1913-ல் அவர் நியூயார்க் கொலம்பியாவுக்குப் போனார். படித்து முடித்ததும் சமஸ்தானத்தில் பத்து வருஷம் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். 1916-ல் லண்டனுக்கு மாறினார். மறு வருஷம் உபகாரச் சம்பளத்தின் கெடு முடிந்து, பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. அந்த லண்டன் படிப்பைத் தொடர 1920 வரை காத்திருந்து, சொந்தச் சேமிப்போடும் கோலாப்பூர் சாஹு மகாராஜாவின் உதவியோடும் மறுபடி போனார். பணம் எத்தனை மாதத்துக்கு வரும் என்ற கணக்கை, எந்த ஊர் என்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தலைச்சேரியில் பிறந்து சென்னையில் படித்த ஜானகி அம்மாள் தாவரவியல் படிக்க அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பெண்களுக்குக் கல்லூரிப் படிப்பே அபூர்வமாக இருந்த 1920-களில், சென்னையிலிருந்து ஒரு பெண் ஆன் ஆர்பர் என்ற ஊரை எப்படிக் கண்டுபிடித்தார்? ஆசியப் பெண்களுக்கென்று லெவி பார்பர் என்பவர் 1917-ல் அங்கே ஒரு உபகாரச் சம்பளம் ஏற்படுத்தியிருந்தார். அதுதான் வழி. 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் செய்த வேலை பிரசித்தம்.

இனி சந்திரசேகர். சர் சி.வி. ராமனின் அண்ணா பிள்ளை. லாகூரில் 1910-ல் பிறந்தவர், மாநிலக் கல்லூரி மாணவர். 1928-ல் ஜெர்மனியிலிருந்து ஸோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவருடைய புஸ்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்த பதினெட்டு வயதுப் பையன் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ப் பார்த்தான். "நீ படித்ததெல்லாம் பழையதாகிவிட்டது" என்கிற மாதிரி அவர் சொல்லி, இன்னும் வெளிவராத தன் கட்டுரையின் அச்சுப் பிரதியைக் கையில் கொடுத்தார். இன்னொருவராயிருந்தால் மனசு விட்டுப்போயிருக்கும். இந்தப் பையன் அதைப் படித்துவிட்டுச் சில மாதங்களில் தானே ஒரு கட்டுரை எழுதினான். யாருக்கு அனுப்புவது? நூலகத்தில் கேம்பிரிட்ஜ் ஃபௌலர் எழுதிய கட்டுரை ஒன்று கண்ணில் பட்டிருந்தது. இதே விஷயத்தில் உழல்கிறவர், இவருக்குப் புரியும் என்று அவருக்கே அனுப்பினான். ஃபௌலர் அதை ராயல் சொஸைட்டி வெளியீட்டில் 1929-ல் வரச் செய்தார். அடுத்த வருஷம் அரசாங்க உபகாரச் சம்பளம் கிடைத்தபோது எந்த ஊர் என்ற கேள்விக்கே இடமிருக்கவில்லை.

தாயார் சீதாலக்ஷ்மி அப்போது படுக்கையில் இருந்தார். போகாதே என்று சொல்லக்கூடிய உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான். அவரோ போ என்றார். 1930 ஜூலை 31-ந் தேதி பம்பாயில் கப்பலேறிய பையன், அந்தப் பிரயாணத்திலேயே நட்சத்திரங்களின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்ற கணக்கைப் போட ஆரம்பித்தான். 1931 மே மாதம் தாயார் காலமானார். மகன் கேம்பிரிட்ஜில் இருந்தான். 1983-ல் நோபல் பரிசு வந்ததைச் சொல்லும்போது இந்த வரியையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றும்.

ஆளைப் பார்த்துப் போனாலும் எல்லாம் நேராக நடந்துவிடாது. ஃபௌலரைப் பிடிப்பது சுலபமாக இல்லை. அவர் விடுப்பில் போன காலத்தில் டிராக்கிடம் ஒப்படைக்கப்பட்டார். தனிமை வாட்டியது. 1931 கோடையில் ஜெர்மனியில் கோட்டிங்கனுக்கு, மாக்ஸ் பார்னிடம் போய் இருந்தார். பிறகு டிராக் யோசனைப்படி கோபன்ஹேகனில் போரின் நிலையத்தில் இருந்துவிட்டு, 1933-ல் கேம்பிரிட்ஜ் டாக்டர் பட்டம் வாங்கினார்.

கோட்டிங்கனைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த நாளில் பட்டியல் போட்டிருந்தால் கணிதத்திலும் பௌதிகத்திலும் அந்தச் சின்ன ஊர்தான் தலைவரிசையில் வந்திருக்கும். 1933 ஏப்ரலில் ஹிட்லர் அரசு யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கச் சட்டம் போட்டது. பார்ன், கூரன்ட், எம்மி நோதர் எல்லாரும் அந்த மாதமே நிறுத்திவைக்கப்பட்டார்கள். கட்டடம், நூலகம், ஊர்ப் பெயர் எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. பார்னுக்காக 1932-ல் அங்கே போய்ச் சேர்ந்த மாணவன் மறு வருஷம் பார்னைப் பார்க்கக் கேம்பிரிட்ஜுக்குத்தான் போயிருக்க வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு திசை மாறியது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் ஐ.பி.எஸ்.ஸுக்குத் தேர்வாகியும் அதை விட்டுவிட்டு, 1949-ல் யுனெஸ்கோ உதவியோடு நெதர்லாந்தில் வாகெனிங்கென் என்ற ஊருக்குப் போனார். அப்போது நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் வாயில் நுழைந்திருக்கும்? அவருக்கு வேண்டியது உருளைக்கிழங்கு மரபியல். அது அங்கே இருந்தது. அதன் பிறகே கேம்பிரிட்ஜ், 1952-ல் டாக்டர் பட்டம், பின்பு விஸ்கான்ஸின், அங்கும் உருளைக்கிழங்கு. பாடம் ஒன்றே, ஊர் மூன்று. 1954-ல் தாயகம் திரும்பினார்.

என் தலைமுறையின் கதை வேறு. 1957 முதல் தேசத்தில் அந்நியச் செலாவணிப் பஞ்சம். 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது 4.76 ரூபாயாக இருந்த டாலர் ஒரே நாளில் 7.50 ஆயிற்று. கையில் எட்டு டாலரோடு இறங்கினேன் என்று சொல்லாத அந்தக் கால மாணவர் கிடையாது. சம்பளம் கட்டிப் படிப்பது என்ற பேச்சே இல்லை. அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகங்களில் கீழ்வகுப்பு மாணவர்கள் ஏராளம். அவர்களுக்குச் சோதனைச்சாலை நடத்தவும், விடைத்தாள் திருத்தவும் ஆள் தேவைப்பட்டது. அதைச் செய்யும் மேற்படிப்பு மாணவருக்குச் சம்பளத்தைத் தள்ளிக் கைச்செலவும் கொடுத்தார்கள். அதனால்தான் நம்மவர்கள் முதலில் நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் போய்க் குவியாமல், அர்பானா, மேடிஸன், ஏம்ஸ், லஃபாயெட், ஸ்டில்வாட்டர் என்று சோளக்காட்டு நடுவிலுள்ள ஊர்களில் போய் இறங்கினார்கள். நான் 1969-ல் எம்.எஸ்ஸி. முடித்தபோது என் வகுப்புத் தோழர்கள் இருபது இடங்களுக்கு டைப் அடித்து ஏர்மெயிலில் அனுப்புவார்கள். எது முதலில் உதவித்தொகை என்று பதில் போடுகிறதோ, அதற்குப் பிறகுதான் அட்லஸைப் பிரித்து அந்த ஊர் எங்கே என்று தேடுவது வழக்கம்.

அப்படிப்பட்ட ஓர் ஊர்தான் ஒஹையோ மாநிலத்து ஏதென்ஸ். சிதம்பரத்தில் பிறந்து பரோடாவில் வளர்ந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1971-ல் பி.எஸ்ஸி. முடித்து, ஏதென்ஸிலுள்ள ஒஹையோ பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்து 1976-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். வாங்கியதும், தனக்கு வேண்டியது உயிரியல் என்று முடிவு செய்து, கலிபோர்னியாவில் சான் டியாகோவில் மறுபடி முதலிலிருந்து மாணவராக உட்கார்ந்தார். 2009-ல் நோபல் பரிசு. முதலில் சேர்ந்த பல்கலைக்கழகத்தின் ரேங்க் என்ன என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். பெரும்பாலான எம்.எஸ். படிப்புக்கு நாம்தான் பணம் கட்டுகிறோம். திருப்பிக் கட்ட அங்கேயே வேலை கிடைக்க வேண்டும். ஆகவே பாடத்தைவிட விசா விதிதான் ஊரைத் தீர்மானிக்கிறது. அந்த விதியோ நிலையாக நிற்பதில்லை. பிரிட்டன் படித்தபின் இரண்டு வருஷம் வேலை தேடும் அனுமதியை 2012-ல் எடுத்தது, 2021-ல் திருப்பிக் கொடுத்தது. கனடா 2024 ஜனவரியில் மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியது. சம்பளமே இல்லாத ஜெர்மனி என்று நம்பியிருந்தவர்களுக்கு, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவம் முதல் ஐரோப்பியர் அல்லாத புதிய மாணவர்களிடம் கட்டணம் வாங்க ஆரம்பித்தது. அமெரிக்காவில் 2025 செப்டம்பரில் புதிய ஹெச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று உத்தரவு வந்தது. இவற்றில் எதுவும் ரேங்க் பட்டியலில் அச்சாவதில்லை.

ஆகையால் என்னைக் கூப்பிடுகிறவர்களிடம் நான் பட்டியலைக் கேட்பதில்லை. வேலை கிடைக்காவிட்டால் கடனை இங்கிருந்தே கட்ட முடியுமா என்று பெற்றோரைக் கேட்பேன். பையனையோ பெண்ணையோ போனில் கூப்பிட்டு, அங்கே பாடம் நடத்தப் போகிறவர்களில் யாருடைய கட்டுரையையாவது படித்ததுண்டா என்று கேட்பேன். அநேகமாக மறுமுனையில் மௌனம்தான்.

போன வருஷம் உணவுத் தொழில்நுட்பம் முடித்த ஒரு பெண்ணுக்கு வாகெனிங்கென் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆம்ஸ்டர்டாம் இல்லையே என்று அவள் அப்பாவுக்குக் குறை. சுவாமிநாதன் போன ஊர் என்றதும் பாட்டி சமாதானமானாள், அப்பா ஆகவில்லை. அந்தப் பெண் ஒரு மாதம் உட்கார்ந்து கட்டுரைகளைப் படித்துவிட்டு, அங்குள்ள இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதினாள். ஒருவரிடமிருந்து பதிலே இல்லை. மற்றவர் ஒன்பது நாளில் எழுதினார். அவள் கேட்ட சந்தேகத்துக்கு விளக்கமும், தன்னிடம் படித்த இந்திய மாணவர் இருவரின் மின்னஞ்சல் முகவரியும் அதில் இருந்தன. அவர்களிடம் சாப்பாடு, வாடகை, குளிர், வேலை எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்ட பிறகுதான் விண்ணப்பம் போயிற்று.