மின்தடை, மின்திறன் கணக்கீடு

ஒரு மின்கருவியின் இரு முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தத்தையும் அதன் வழியே பாயும் மின்னோட்டத்தையும் அளந்து, அதன் மின்தடையையும் மின்திறனையும் கண்டறியும் முறை. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும், பெருக்கினால் மின்திறன். அலகுகள் முறையே வோல்ட், ஆம்பியர், ஓம், வாட். 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் எடுக்கும் இஸ்திரிப் பெட்டியின் தடை ஏறத்தாழ 53 ஓம், திறன் 1,000 வாட். அது ஒரு மணி நேரம் தொடர்ந்து சூடேறினால் மீட்டரில் ஒரு யூனிட் ஓடும்.

வகுத்தல் உறவை ஜெர்மானியரான கியோர்க் சைமன் ஓம் 1827-இல் நூலாக வெளியிட்டார். ஆங்கிலேயரான ஹென்றி கேவண்டிஷ் அதை அதற்கு முன்பே கண்டிருந்தார். மின்னோட்டத்தை அளக்கும் கருவி இல்லாத காலத்தில் மின்சாரத்தைத் தன் உடம்பில் பாயவிட்டு, அதிர்ச்சியின் வலுவை ஒப்பிட்டே அவர் முடிவுக்கு வந்தார்; ஆனால் வெளியிடவில்லை. அவருடைய குறிப்புகளை இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1879-இல் பதிப்பித்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. மின்னோட்டத்தால் பிறக்கும் வெப்பம் ஓட்டத்தின் இருமடிக்கும் தடைக்கும் நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை ஜூல் 1840-களின் தொடக்கத்தில் காட்டினார். ஓம், வோல்ட், ஆம்பியர் என்ற பெயர்கள் 1881-இல் பாரிசில் கூடிய மாநாட்டில் உலக வழக்காயின.

புதுச்சேரியில் இந்த விதிக்கு இரண்டு எழுத்துவழக்குகள் உண்டு. ஆங்கில, தமிழ்ப் பாடநூல்கள் மின்னழுத்தத்துக்கு ‘வி’ என்ற எழுத்தை இடுகின்றன. 1826-இல், அதாவது ஓமின் நூல் வெளிவருவதற்கு ஓராண்டு முன்பு, தொடங்கிய லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கும் மாணவர் பிரெஞ்சுப் பாடத்திட்டப்படி ‘யூ’ என்று எழுதுவார். மின்னோட்டத்துக்கு மட்டும் இருவரும் ‘ஐ’ என்றே எழுதுகிறார்கள். அதுவும் ஓட்டத்தின் செறிவைக் குறிக்கும் ‘ஆந்தான்சித்தே’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்துதான். பேச்சுத் தமிழ் இவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லை. “கரண்ட் போச்சு” என்னும்போது முதலில் போனது மின்னழுத்தம். ஓட்டம் அதன் பின்னால் போனது.

சூத்திரம் ஐந்தாம் வகுப்புக் கணக்கு போல எளிது. எந்த நிலையில் அளந்தோம் என்பதில்தான் தவறு நேர்கிறது. 60 வாட் குண்டு பல்பு எரியும்போது 0.26 ஆம்பியர் எடுக்கும். தடை சுமார் 880 ஓம். அணைத்துக் குளிர்ந்த அதே பல்பை மல்டிமீட்டரில் வைத்தால் அறுபது, எழுபது ஓம்தான் காட்டும். டங்ஸ்டன் இழை சூடேறும்போது அதன் தடையும் ஏறுவதே காரணம். குளிர்ந்த அளவை வைத்துக் கணக்கிட்டால் பல்பு ஏறத்தாழ 800 வாட் என்றாகும். விடை அபத்தம்போல் தெரிந்தாலும் சுவிட்சைத் தட்டிய நொடியில் அது ஏறக்குறைய உண்மை. பழைய பல்புகள் பெரும்பாலும் போடும்போதே ஃபியூஸ் ஆனது அதனால்தான்.

சூடேற்றும் கருவிகளில் தடை அவ்வளவாக மாறுவதில்லை. 2,000 வாட் வாட்டர் ஹீட்டரின் தடை 26.45 ஓம். வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் ஓட்டமும் கூடவே குறைவதால் திறன் 1,225 வாட்டாகிவிடும். மின்னழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு, வெப்பத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது. அதே ஹீட்டரின் பிளக் பாயின்ட்டில் உப்புக்காற்றால் களிம்பேறியோ திருகு தளர்ந்தோ அரை ஓம் தடை சேர்ந்தால், அங்கே 35 வாட்டுக்கு மேல் வெப்பம் பிறக்கும். பிளாஸ்டிக் கருகப் போதுமானது அது. ஓட்டம் மிகும்போது இணைப்பைத் துண்டிக்கும் எம்சிபி இதைக் கண்டுகொள்ளாது. ஓட்டம் கூடவில்லை, சற்றுக் குறைந்துதான் இருக்கிறது.

மின்விசிறி, மோட்டார் போன்ற சுருள் உள்ள கருவிகளுக்கு மாறுமின்னோட்டத்தில் இந்த இரு சூத்திரங்களும் அப்படியே பொருந்தா. 75 வாட் விசிறி 0.35 ஆம்பியர் எடுத்தால் பெருக்கல் 80.5 என்று வரும். அது வாட் அல்ல, வோல்ட்-ஆம்பியர். திறன் காரணி 0.93-ஆல் பெருக்கினால்தான் 75 வாட் கிடைக்கும். வகுத்து வரும் 657 ஓமும் வெறும் தடை அல்ல. தூண்டலும் சேர்ந்த மின்னெதிர்ப்பு.

  புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைகளில் இந்தக் கணக்கு நோயாளியின் கட்டிலருகே வருகிறது. இதயத்தோடு நேரடியாக இணையும் கருவியிலிருந்து இயல்பு நிலையில் நோயாளிக்குள் கசியும் ஓட்டம் 10 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்கிறது மருத்துவ மின்கருவிகளுக்கான ஐ.இ.சி. 60601-1 தரநிலை. இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டீஃபிப்ரிலேட்டருக்கோ பெரும் ஓட்டம் வேண்டும். மார்பின் தடை 75 ஓம் என்று கொண்டால், 20 ஆம்பியர் செலுத்த 1,500 வோல்ட் தேவை. அந்தச் சில மில்லிநொடிகளுக்குத் திறன் 30,000 வாட்.

கருவியின் உலோக உறைக்கும் எர்த் முனைக்கும் இடையே உள்ள தடைக்கும் அதே தரநிலையில் வரம்பு உண்டு: கழற்றக்கூடிய மின்வடம் உள்ள கருவிக்கு 0.1 ஓம், வடம் நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தால் 0.2 ஓம். இத்தகைய மிகச்சிறிய தடைகளை அளப்பது தனிக்கலை. சாதாரண மல்டிமீட்டர் இதற்கு உதவாது. அதன் இரு ஒயர்களின் தடையே இந்த வரம்பைத் தாண்டிவிடும். ஆகவே 25 ஆம்பியரோ அதற்கு மேலோ 5 முதல் 10 நொடி செலுத்தி, தனி இணை ஒயர்களில் மின்னழுத்த இழப்பை அளந்து வகுக்கிறார்கள். 25 ஆம்பியருக்கு 2 வோல்ட் இழப்பு என்றால் 0.08 ஓம், முதல் வகைக் கருவி தேறிவிடும். 3 வோல்ட் என்றால் 0.12 ஓம், தேறாது. இவ்வளவு ஓட்டம் செலுத்துவதில் இன்னொரு பயனும் உண்டு. எர்த் ஒயரின் இழைகள் அறுந்து ஒன்றிரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால், மல்டிமீட்டரின் மெல்லிய ஓட்டத்துக்கு இணைப்பு சரியாக இருப்பதாகவே தோன்றும். 25 ஆம்பியரில் அந்த இழைகள் சூடேறி, இழப்பு மீட்டரில் ஏறிக்கொண்டே போகும்.